வைக்கோல் மேல் தக்காளி

பிப். 2, ஞாயிறு
மாசியே பிறக்கவில்லை, அதற்குள் வெயில் சுள்ளென்று. காலை ஹேமா போன், அமெரிக்காவிலிருந்து. வழக்கமாக "சாப்பிட்டீங்களாப்பா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா", அதோடு முடியும். அவளும் பாவம், என்னதான் பேசுவாள். இன்று பேச்சு நீண்டது. அங்கே அவள் பக்கத்து வீட்டுக்காரன் வைக்கோல் கட்டு மேலேயே தக்காளி வளர்க்கிறானாம். மண்ணே வேண்டாமாம். "நம்ம கொல்லைக்கு அதான்ப்பா சரி" என்றாள். சரிதான். கடப்பாரை போட்டால் செங்கல் துண்டுதான் வருகிறது. இடிபாடு கொட்டி மேடாக்கிய மனை.

அவள் அம்மா போனபிறகு, எங்கள் சௌராஷ்டிர பாஷையில் நான் வாய் திறப்பது வாரம் ஒருமுறை, இந்தப் போனில்தான். அவனியாபுரத்தில் என் தெருவில் நம் ஆட்கள் ஒருவர்கூட இல்லை.

தோட்டம் போட வேண்டும். தக்காளிக்காக இல்லை. வாராவாரம் அவளிடம் சொல்ல ஏதாவது வேண்டுமே.

பிப். 4, செவ்வாய்
திருமங்கலம் போய் வைக்கோல். மினி வேனில் நாலு கட்டு வந்து இறங்கியது. தெருவே வேடிக்கை.

டிரைவர்: "மாடு எங்கண்ணே நிக்கிது?"

மாடு இல்லப்பா, தக்காளி என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனான்.

கட்டெல்லாம் தொளதொள. ஏறி மிதித்து, சணல் கயிறு போட்டு இறுக்கினேன். முதுகு போச்சு. வாங்க வேண்டியது: யூரியா, மாட்டெரு, நாற்று, தைலம். முதலில் தைலம்.

பிப். 5, புதன்
உரக்கடை. "எம்புட்டு ஏக்கருண்ணே?" "நாலு கட்டு." கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

யூரியா தூவித் தண்ணீர் விட்டாயிற்று. உள்ளே சூடேறி, மக்கி, ஆறிய பிறகுதான் நடவாம். பத்துப் பன்னிரண்டு நாள். ஹேமா இமெயிலில் அனுப்பிய குறிப்பு. பிரவுசிங் சென்டர் பையன் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான்.

பிப். 8, சனி
கட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். நல்ல சூடு. உடனே எடுக்க மனசில்லை. இந்தக் கை இப்படிக் கதகதப்பாக எதையாவது தொட்டு எவ்வளவு நாளாகிறது.

மாலை கடைக்குப் போய் வந்தால் ஒரு கட்டின் ஓரம் பிய்ந்து கிடக்கிறது. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா தன் மாட்டுக்கு உருவிக்கொண்டு போயிருக்கிறாள். இங்கே மாட்டுக்கு ஒரு கை வைக்கோல் எடுக்க யாரும் யாரையும் கேட்பதில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை. யூரியா மாட்டுக்கு விஷம். செருப்பில்லாமல் ஓடினேன், "போடாத, போடாத" என்று கத்திக்கொண்டு.

நல்லவேளை. "மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிருச்சுண்ணே" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது. "வைக்கல்ல போயி யூரியாவப் போடுவாகளா? வாயில்லாத சீவனுண்ணே. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

சொல்லியிருக்கலாம். பக்கத்து வீடுதான். பேசிப் பழக்கம் இல்லை.

பிப். 9, ஞாயிறு
மாட்டுக் கதையை ஹேமாவிடம் சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று காலையிலிருந்து மனசுக்குள் ஒத்திகை. சொன்னேன். சிரிக்கவில்லை.

"அப்பா, அந்த மாடு செத்திருந்தா? நீங்க தனியா இருக்கீங்க. சண்டைக்கு வந்தா யாரு பாத்துப்பாங்க? எல்லாத்தையும் எடுத்துப் போடுங்க. நான்தான் தப்பு பண்ணிட்டேன், சொல்லியிருக்கவே கூடாது." அழுதுவிட்டாள். சரிம்மா, எடுத்துடறேன் என்றேன்.

பிப். 12, புதன்
எடுக்கவில்லை. கட்டைச் சுற்றி முள்வேலி. பேச்சியம்மா மாட்டை இப்போது தெருப்பக்கம் கட்டுகிறாள். கொல்லையில் அதன் மணிச் சத்தமும் இல்லை.

பிப். 16, ஞாயிறு
"எடுத்துட்டீங்களாப்பா?"

"எடுத்துட்டேன்மா."

"மாத்திரை?"

"போட்டேன்."

வைத்துவிட்டாள்.

பிப். 17, திங்கள்
சூடு அடங்கிவிட்டது. குழி பண்ணி எருவிட்டு எட்டு நாற்று. எல்லாம் நிமிர்ந்து நிற்கின்றன. நன்றாக வரும் போலிருக்கிறது.

கை கழுவினேன். பிறகு நம் பாஷையில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்: ஹேமா, தக்காளி நட்டாச்சும்மா.

ஞாயிற்றுக்கிழமை இதைச் சொல்ல முடியாது.