தண்ணீருக்கடியில் பேச முடியாது

மார்ச் 3, திங்கள்

விடுதியின் புது மேனேஜர் ஒரு சட்டம் போட்டுவிட்டார். டைவிங் சாமான் அறையில் வேலை செய்கிறவர்களும் இனி விருந்தாளிகளோடு கடலுக்குள் இறங்க வேண்டுமாம். இறங்கத் தெரியாதவர் பெட்டி கட்டலாம். வேலையில் சேர்ந்த அன்று, "கடல் எனக்குக் கொல்லைப்புறம் மாதிரி சார்" என்று சொன்னவன் நான். அதில் பாதி உண்மை. கொல்லைப்புறத்திலிருந்து கடலைப் பார்த்திருக்கிறேன்.

ரப்பர் உடைகளை அலசிக் காயப்போடுவதில் இந்தத் தீவிலேயே என்னை மிஞ்ச ஆள் இல்லை. பக்கத்துத் தீவுகளிலும் இல்லை. அதை யார் கேட்கிறார்கள்?

கற்றுத்தரப் போவது அக்கா மகள். இங்கே டைவிங் டீச்சர் அவள்தான். எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்ததும் அவளே. நான் தொட்டிலில் போட்டு ஆட்டிய பிள்ளை. "மாமா, சொந்தம்னு பாஸ் போட மாட்டேன். தண்ணி உறவு பார்க்காது" என்றாள். சிரித்தேன்.

மார்ச் 5, புதன்

நீச்சல் குளம். நெஞ்சளவுத் தண்ணீர். சிங்கம் போல இறங்கினேன். கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி மாஸ்க்குக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். விட்டேன். மூக்கில் ஏறியதும், சிங்கம் எங்க போச்சோ தெரியல. நான் அவள் தோளில் கால் வைத்து ஏறி வெளியே வந்ததாக, கரையில் நின்று பார்த்த எங்கள் படகுக்காரன் சொல்லித் திரிகிறான். பொய். தலையில் வைத்துத்தான் ஏறினேன்.

மார்ச் 6, வியாழன்

தூக்கம் இல்லை. வாளித் தண்ணீரைப் பார்த்தாலே மூக்கைப் பொத்திக்கொள்கிறேன்.

மார்ச் 8, சனி

கடல். படகில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போனேன். காற்று வரும் வாய்க்குழாயைக் கடித்ததும் பேச்சு நின்றது. பேச்சு நின்றதும் பயம் வந்துவிட்டது, இத்தனை வருஷமாக வாசலிலேயே காத்துக் கிடந்த மாதிரி.

சிலிண்டரில் மிச்சக் காற்று எவ்வளவு என்று காட்ட ஒரு மீட்டர் உண்டு. பயந்தவன் காற்றை மொடக் மொடக்கென்று குடிப்பான். அவள் மீட்டரில் முள் அசையவே இல்லை. என் முள் அவிழ்த்துவிட்ட கன்று மாதிரி சிவப்புக் கோட்டைப் பார்த்து ஓடியது. அந்த நேரம் பார்த்து மாஸ்க் கசிந்தது. மேலே பாய்ந்தேன். கணுக்காலை இரும்புப் பிடியாகப் பிடித்து, மெதுவாகத்தான் ஏறவிட்டாள்.

படகில் கத்தினாள். "மூச்சை அடக்கிக்கிட்டு மேல பாஞ்சா நுரையீரல் கிழிஞ்சிரும் மாமா! அம்மாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

"சும்மாடி. உன்னைச் சோதிச்சுப் பார்த்தேன்" என்றேன்.

"அண்ணே, சோதனைக்கே ஒரு சிலிண்டர் காலி" என்றான் படகுக்காரன்.

ஏன்டா உனக்கு இந்த வாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். செத்திருப்பேனே. என் காலைப் பிடித்துத் தொங்கிய அவளும்... வேண்டாம். எழுத முடியல.

மார்ச் 9, ஞாயிறு

மனைவி போன். "ஊர்ப்பட்ட ஆளுங்களுக்கு நீங்கதான் முங்கக் கத்துக்குடுக்கறீங்கன்னு தெரு பூரா சொல்லிட்டேங்க." சொல்லச் சொன்னதே நான்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தத் தெருவில் எப்படி நடப்பேன்?

மார்ச் 11, செவ்வாய்

கடைசி வாய்ப்பு. முள் சிவப்பைத் தொடாமல், நிதானமாக மேலே வர வேண்டும். காலையில் ஒரு வாய் கூட உள்ளே இறங்கவில்லை.

மணலில் முட்டி போட்டேன். எதிரே ஒரு கல். கல்லுக்குப் பட்டா வாங்கி வைத்திருக்கிற மாதிரி ஒரு துக்கடா மீன். என்னைப் பார்த்து முறைத்தது. விர்ரென்று வந்து மாஸ்க்கில் டொக் என்று முட்டியது. பின்வாங்கி, மறுபடி டொக். இவ்வளவு பெரிய ஆளை! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் கன்னம் மடிந்து மாஸ்க்குக்குள் தண்ணீர் புகும் என்று அவள் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். புகுந்தது. கண் வரைக்கும் ஏறியது. போ, மேலே போ என்று உடம்பு கதறியது. அவள் கை என் தோளில் இருந்தது; அழுத்தவில்லை, சும்மா இருந்தது.

மாஸ்க்கின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூக்கால் ஊதினேன். போதவில்லை. இன்னொரு முறை. தண்ணீர் போயிற்று. மீன் அங்கேயே நின்றது, இன்னும் கோபமாக.

மேலே வந்தபோது முள் சிவப்புக்கு வெளியே நின்றது. அவள் என் முதுகிலிருந்த சிலிண்டரைத் தானே கழற்றி வாங்கிக்கொண்டாள்.

மார்ச் 12, புதன்

நாளை முதல் விருந்தாளிகளோடு இறங்க வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது.

மனைவி போன்.

"கடலுக்குள்ள என்னங்க பார்த்தீங்க?"

"ஒரு மீன்."

"எவ்வளவு பெருசு?"

"விரலளவு."

அந்தப் பக்கம் டிவியை அணைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "என்னங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?"