குளிர்த்திப் பாட்டு

அன்புள்ள யசோதினிக்கு,

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் படுத்தபடி இடது கையால் எழுதுகிறேன். படக் கம்பனியின் இசைப் பொறுப்பாளனாகப் பதினெட்டு வருஷம் பாட்டுத் தேடி அலைந்தவன் இந்தப் பிழையை விட்டிருக்கக்கூடாது. மதுரையை எரித்த கண்ணகை அம்மனின் கோபம் தணிய வைகாசியில் ஒருநாள் மட்டும் பாடும் குளிர்த்திப் பாட்டைக் கோயிலில் ஒளித்துப் பதிவுசெய்து, கொலைக் காட்சிக்குப் போட்டேன். போன கிழமை படம் வெளியானது.

நேற்றுப் பின்னேரம் வாவிக்கரையில் நாலு பேர் என்னைத் துடுப்பால் அடித்தார்கள், விலா உடைந்தது. “இதையும் ரெக்கோட் பண்ணு மச்சான்!” என்று சிரித்துக்கொண்டே ஒருவர் என் வலது கை விரல்களை மிதித்து முறித்தார். அந்தக் குரலை நீயும் அறிவாய்.

பாட்டை நீக்கச் சொல்லிக் கேட்டும் கம்பனி மறுத்ததால், இன்று காலை இங்கிருந்தே போனில் சொல்லி வேலையை விட்டுவிட்டேன்.

பொலிஸ் உன் அண்ணனைத் தேடி வந்தால், நேற்றுப் பின்னேரம் முழுக்க நம் வீட்டில்தான் இருந்தார் என்று சொல். நானும் அப்படித்தான் சொன்னேன்.

பிள்ளைகளின் அப்பா