மிளகுக்குக் குட்டி வேண்டுமாம்

மார்ச் 2

சாப்பாட்டு மேசையில் அண்ணன் மறுபடியும் ஆரம்பித்தான். மிளகுக்குப் பதினான்கு வயதாகிவிட்டது, இந்த வருடத்தை விட்டால் பிறகு சினைப்படாது, அவளைப் போல இன்னொன்று வேண்டாமா என்று.

"யாருக்கு வேணும்?" என்றேன்.

"நமக்கு."

அந்த 'நமக்கு'தான் எரிச்சல். குதிரைச் சவாரிப் பள்ளி எங்கள் இருவருடையது. மிளகு என்னுடையவள். கடித்துக்கொண்டும் உதைத்துக்கொண்டும் வந்த மூன்று வயதுக் குதிரையைப் பழக்கியது நான். விழுந்து தோள்பட்டை உடைந்தது எனக்கு.

மார்ச் 5

கேட்காமலே மறுத்துவிட்டேன் என்ற பேச்சு வேண்டாம் என்று, கால்நடை மருத்துவரை நானே வரவழைத்தேன். அந்த அம்மா மிளகின் இடுப்பை அழுத்திப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார். முன்பொருமுறை லாரியிலிருந்து இறங்கும்போது வழுக்கி அடிபட்ட இடம். ஆறிவிட்டது, ஆனால் கொஞ்சம் கோணலாக.

"பெரும்பாலும் நல்லபடியா பெத்துடுவா. ஆனா முதல் குட்டி, இந்த வயசு, இந்த இடுப்பு... நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

அண்ணனுக்குப் 'பெரும்பாலும்' மட்டும் காதில் விழுந்தது. எனக்கு மீதி எல்லாம்.

மார்ச் 6

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முடிந்தது.

மார்ச் 23

ஒரு வாரம் வெளியூர். வேறொரு பள்ளியில் பயிற்சியாளர் தேர்வுக்கு நடுவராகப் போயிருந்தேன். பெட்டியைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே லாயத்துக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் கனைத்தாள். குளம்பைச் சுத்தம் செய்யலாமென்று பின்னங்காலைத் தூக்கினால் லாடம் இல்லை. இன்னொரு பின்னங்காலிலும் இல்லை. முன்னங்கால்களில் மட்டும் இருக்கிறது.

லாடம் அடிப்பவருக்குப் போன் செய்தேன். "அண்ணன்தான் கழட்டச் சொன்னாரு மேடம். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேனே."

பின்னங்கால் லாடத்தை மட்டும் எதற்குக் கழற்றுவார்கள் என்று இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். பெட்டை உதைத்தால் பொலிகுதிரைக்குக் காயம் படக்கூடாது, அதற்குத்தான். பிடரி மயிரை விலக்கிப் பார்த்தேன். பொலிகுதிரையின் பல் பதிந்த காயம், ஆறிக்கொண்டிருக்கிறது.

என் எழுத்து எனக்கே புரியவில்லை.

மார்ச் 24

பக்கத்துப் பண்ணைக்குக் கூட்டிப் போயிருக்கிறான். நான் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து. கேட்டால் "உனக்காகத்தான் பண்ணேன்" என்கிறான். எனக்காக! "நாளைக்கு அவ போயிட்டா நீ என்ன ஆவே? உனக்கு வேற யாரு இருக்கா?"

எப்படி வாய் வந்துச்சு இவனுக்கு? யாரும் இல்லைன்னு இவன்கிட்ட வந்து அழுதேனா? கல்யாணம் பண்ணிக்காதவளை வயசான காலத்துல குதிரைக்குட்டி வந்து பாத்துக்குமா?

"வேண்டாம்னு சொன்னேன்ல?"

"ஏதோ கோவத்துல சொன்னே. நான் அதைப் பெருசா எடுத்துக்கல."

பெருசா எடுத்துக்கல. நாற்பத்தாறு வயசுல நான் சொல்ற வேண்டாம், இவனுக்கு வேண்டாம் இல்லை.

கையிலிருந்த பிரஷை சுவரில் விட்டெறிந்தேன். மிளகு மிரண்டு ஒதுங்கினாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனிடம் இல்லை.

மார்ச் 25

பேசவில்லை.

மார்ச் 29

இன்றும். அண்ணி தூது வந்தார். "அவருக்குத் தூக்கமே இல்ல." நல்லது. "எனக்கு மாமியார் இல்லைன்னு சந்தோஷமா இந்த வீட்டுக்கு வந்தேன். குதிரை இருக்குன்னு யாரும் சொல்லல." சிரிப்பு வந்துவிட்டது. அதற்காக அண்ணி மேலும் கோபம்.

ஏப்ரல் 9

ஸ்கேன். திரையில் கறுப்பாக ஒரு சின்ன வட்டத்தை மருத்துவர் காட்டினார். சினை.

"வேண்டாம்னா ஊசி போட்டுக் கலைச்சிடலாம். ஆனா சீக்கிரம் சொல்லணும். தள்ளிப்போட்டா அந்த ஊசி வேலை செய்யாது."

அண்ணன் கதவோரம் நின்றான். முகத்தில் பொங்கிய சந்தோஷத்தை மறைக்கப் பார்த்தான், முடியவில்லை. ஓங்கி ஒன்று விடலாம்போல இருந்தது.

அந்த வட்டத்தைப் பார்த்ததும் எனக்கும் மூச்சு நின்றது. பொய் எழுத முடியாது. ஆசையையும் காட்டிவிட்டு, இப்போது நீயே முடிவு பண்ணு என்கிறான். அதற்கும் சேர்த்து அவன் மேல்தான் கோபம்.

ஏப்ரல் 11

ஊசி போட்டால், அவனைப் பழிவாங்க ஒரு உயிரை எடுத்தவள். போடாவிட்டால், அவன் சாதித்துவிட்டான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் மூஞ்சி. இதுல மிளகு எங்க இருக்கா?

ஏப்ரல் 12

காலையில் சேணம் போடாமல் மேய்ச்சல் வெளிக்கு நடத்திப் போனேன். சரிவில் இறங்கும்போது இடது பின்னங்காலை யோசித்து யோசித்துத்தான் வைக்கிறாள். எத்தனையோ வருடமாகப் பார்ப்பதுதான். இன்று அவளை வயிற்றுக் கனத்தோடு நினைத்துப் பார்த்தேன். பிறகு அந்தக் கோணல் இடுப்பு வழியாக ஒரு குட்டியின் நீளக் கால்கள்.

அண்ணன் நல்லவன் என்றே வைத்துக்கொள். என்னைக் கேட்டே செய்ய வந்தான் என்றே வைத்துக்கொள். என்ன சொல்லியிருப்பேன்? சொன்னேனே! மார்ச் ஆறாம் தேதியே சொன்னேனே, கோபம் துளிகூட இல்லாமல். அந்தப் பதில் இன்னும் அப்படியே இருக்கிறது. அவன் செய்த காரியத்தால் அது மாறவும் இல்லை, பழியாகவும் ஆகவில்லை.

மருத்துவருக்குப் போன் செய்தேன்.

ஏப்ரல் 13

ஊசி என்றாலே மிளகு எகிறுவாள். அவளை நிற்கவைக்கத் தெரிந்த ஒரே ஆள் அண்ணன். என்ன அநியாயம் இது!

"பிடிச்சுக்கோ," என்றேன். இத்தனை நாளில் அவனிடம் பேசிய முதல் சொல்.

"யோசிச்சியா?"

"ஆறாம் தேதியே யோசிச்சுட்டேன்."

பிடித்துக்கொண்டான். அவள் நெற்றியில் தன் நெற்றியை வைத்து ஏதோ முணுமுணுத்தான். ஊசி போட்டு முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை. தோள் குலுங்கியது. நான் பார்க்காததுபோல வாளியைக் கழுவினேன். பாவமாக இருந்தது. இவனைப் பார்த்துப் பாவப்பட வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

சிறிது நேரம் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது, வயிறு வலித்தது. ஆளுக்கொரு பக்கமாக நடத்தினோம்.

ஏப்ரல் 20

மறுபடி ஸ்கேன். திரையில் எதுவும் இல்லை.

சமையலறையில் நின்று அழுதேன். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றார்.

கோபம் போகவில்லை. அதுபாட்டுக்கு இருக்கட்டும்.

மே 17

ஏரிக்கரைப் பாதையில் போகலாமென்று மிளகின்மேல் ஏறி வந்தேன். வாசல் கதவருகே அண்ணன், தன் கிழட்டு வெள்ளைக் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றான். சேணம் போட்டிருந்தது. ஏறவில்லை.

"நானும் வரட்டுமா?"

ஒரு நாளும் இப்படிக் கேட்டவனில்லை. ஏறுவான், வருவான், அவ்வளவுதான்.

மிளகு ஓடத் துடித்தாள். அவன் கதவைச் சாத்தி, கொக்கியை மாட்டி, மூச்சு வாங்க ஏறி உட்காரும்வரை அவளை இழுத்து நிறுத்தி வைத்திருந்தேன்.