ஒட்டியதை அமுக்கிப் பார்க்க வேண்டும்

குற்றாலம்
18.06.2025

அன்புள்ள ரூபி,

போனில் சொன்னதை நான் மறுநாளே இல்லையென்பேன், அதனால் எதையும் எழுதித்தான் தர வேண்டும் என்று சொல்லிவிட்டு ராயகிரியில் உன் அம்மா வீட்டுக்குப் போனாய். இதோ எழுதுகிறேன். முந்தாநாள் தென்காசியில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் நடந்தது. எனக்குத்தான். மூன்றாவது பிள்ளை உன் உயிருக்கே ஆபத்து என்று டாக்டரம்மா சொன்னபோது, ஆபரேஷனெல்லாம் பொம்பளை செய்துகொள்வதுதானே என்றேன். அது தப்பு.

மரத்துப்போக ஊசி, சின்னதாக ஒரு துளை, அவ்வளவுதான். விந்துக்குழாயை ஒரு கருவி கவ்விச் சூட்டிலேயே ஒட்டி மூடிவிட்டது. நம் கடையில் சிப்ஸ் பாக்கெட்டுக்கு வாய் ஒட்டுகிற மிஷின் போலத்தான். அரை மணி நேரத்தில் எழுந்துவிட்டேன்.

அம்மாவிடம் குடலிறக்கம் என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்லிவிடு. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பிள்ளைகளோடு எப்போது வருகிறாய்?

உன் எபனேசர்

ராயகிரி
23.06.2025

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதத்தைப் படித்து அழுதேன். சொல்ல வெட்கமில்லை. வீக்கம் இருக்கிறதா? எண்ணெய் டின்னைத் தூக்காதீர்கள். சீசன் தண்ணீர் விழுகிறதென்று அருவியில் போய் நிற்காதீர்கள்.

ஒட்டிய பாக்கெட்டை அமுக்கிப் பார்க்காமல் அடுக்க விடுவீர்களா? இதற்கும் மூன்று மாதம் கழித்து டெஸ்ட் உண்டு. அதுவரை பழைய ஜாக்கிரதை வேண்டும்.

அத்தை நேற்று போன் செய்து, "புருசன் குடலிறக்கத்துல கெடக்கான், நீ அங்கன என்னட்டி செய்யுத?" என்றார்கள். நாளைக்கு அந்த ஒட்டு விட்டுப்போய் எனக்கு நாள் தள்ளினால், அப்புறம் உங்கள் ஆபரேஷன் வெளியே தெரிந்தால், ஊர் யாரைப் பேசும்? அந்தப் பேச்சை நான் தாங்கமாட்டேன். அத்தையிடம் இப்போதே, டெஸ்ட் வரைக்கும் சேர்த்து, உண்மையைச் சொல்லுங்கள். சொன்னால் வருகிறேன்.

ரூபி

குற்றாலம்
30.06.2025

அன்புள்ள ரூபி,

சொல்லிவிட்டேன். அம்மாவின் காதுதான் உனக்குத் தெரியுமே. கடையில் நேந்திரங்காய் சீவிக்கொண்டிருந்தார்கள். மெல்லச் சொன்னேன், கேட்கவில்லை. உரக்கச் சொன்னேன், வரிசைக் கடையெல்லாம் கேட்டுவிட்டது. எனக்கு மானம் போயிற்று. சாயங்காலம் எதிர்க்கடை மைதீன் அண்ணாச்சி ஓரமாகக் கூப்பிட்டு, "வலி எப்படி? எங்கன செஞ்ச?" என்று விசாரித்தார்.

மூன்றாம் நாள் அம்மா, "ஏலே, அவ உசுருக்கு ஆபத்துன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டார்கள்.

எபனேசர்

ராயகிரி
03.07.2025

அன்புள்ள அத்தானுக்கு,

அத்தை போனில், "வா தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறோம். பைகளை நானே தூக்கிக்கொள்வேன். நீங்கள் தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குச் சும்மா வந்து நின்றால் போதும்.

கடைக் காலண்டரில் டெஸ்ட் நாளான செப்டம்பர் பதினாறைச் சுழித்து, எதற்கென்று பக்கத்திலேயே எழுதி வையுங்கள். படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

உங்கள் ரூபி