ஸ்க்ரீன் இல்லாத பெட்டி

அம்மா,

உன் கேமராவில் மாட்டி, தூரத்து ஃப்ளாஷை வயரில்லாமல் அடிக்கவைக்க நீ கேட்ட பெட்டியைச் செய்து முடித்துவிட்டேன். இத்துடன் அனுப்புகிறேன்.

"ஸ்க்ரீன் எல்லாம் எதுக்குடி? திருகினா டக்குன்னு சத்தம் கேட்டா போதும்" என்று நீ சொன்னபோது, புதுசு எதுவும் உனக்கு ஆகாது என்று கேலி செய்துவிட்டு ஸ்க்ரீனையும் வைத்தேன்.

போன வாரம் சோதித்துப் பார்க்க வந்தாயே. பெட்டியை முகத்தருகே பிடித்துக்கொண்டு, "லைட் எரியுதா?" என்று கேட்டாய். சிவப்பு விளக்கு உன் மூக்குக்கு நேரே எரிந்துகொண்டிருந்தது. "இல்லம்மா, இன்னும் ஆன் பண்ணல" என்று பொய் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். "அதானே பார்த்தேன்" என்று நீ நிம்மதியாகச் சிரித்தது அங்கே வரை கேட்டது.

அன்றைக்கே ஸ்க்ரீனைக் கழற்றிவிட்டேன். குமிழை ஒரு தடவை திருகினால் டக்கென்று சத்தம் கேட்கும், வெளிச்சம் ஒரு படி கூடும். ஃப்ளாஷ் அடித்ததும் பெட்டி உள்ளங்கையில் அதிரும். கண்ணை மூடிக்கொண்டு நூறு தடவை பழகிப் பார்த்தேன், ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ஆனால் எதிரே நிற்பவர் சிரிக்கிறாரா என்று சொல்ல ஒரு பட்டன் வைக்க எனக்குத் தெரியவில்லை அம்மா.

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கமாட்டேன். இதைக் கொட்டை எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். படிக்க முடியவில்லை என்றால் வேறு யாரிடமும் கொடுக்காதே. என்னைக் கூப்பிடு, நானே வந்து படித்துக் காட்டுகிறேன்.

உன் மகள்