ஹைட்ரேஞ்சியாவும் செவன் ஹில்ஸ் மாப்பிள்ளையும்

மெல்பேர்ண், 10 மே 1975

யோகா அக்கா சாப்பிட வரச்சொன்னாள். பெரியம்மாவின் மகள்; எனக்குக் கல்யாணம் கட்டிவைப்பதை நேர்த்திக்கடனாக எடுத்திருப்பவள். குசினிக்குள் வைத்துத்தான் விஷயத்தைச் சொன்னாள். சிட்னி, செவன் ஹில்ஸிலிருந்து விக்னராஜா என்றொரு எஞ்சினியர் வந்திருக்கிறார். கூடவே ஒரு ஸ்லைட் புரொஜெக்டரும்.

போன வருடம் யப்பானில் எடுத்த படங்கள். கோயில் படிக்கட்டு, இருபக்கமும் ஹைட்ரேஞ்சியாப் பூக்கள், நடுவில் விக்னராஜா. குளம், ஹைட்ரேஞ்சியா, விக்னராஜா. ஒரேயொரு நீலக் கொத்து மட்டும் தப்பித்தவறி அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தது. கொஞ்சம் தள்ளி நின்றிருக்கலாமே என்றேன்.

"பூவை ஆர் பாக்கப்போயினம்? நான் போனதுக்கு அத்தாட்சி வேணுமல்லோ."

பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். பகிடியில்லை.

11 மே

அவருக்கு என்னைப் பிடித்துவிட்டதாம். எனக்குப் பிடித்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. யோசிக்கிறேன் என்றேன். கோழை.

18 மே

விக்னராஜா தொலைபேசியில். நான் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு சிட்னிக்கு வரவேண்டுமாம். அங்கே என்ன செய்வது? வீட்டைப் பார்க்கலாமாம். இத்தனை வருடம் படித்து மயக்கமருந்து டொக்டரானது ஒரு வீட்டைப் பார்க்க! இவரோடு கொஞ்சநேரம் கதைத்தால் நோயாளிகளுக்கு மருந்தே தேவைப்படாது.

தேனிலவு யப்பானில்தானாம். "இடமெல்லாம் எனக்குத் தெரியும். நீர் கமெராவைப் பிடிச்சாக் காணும்."

19 மே

ஜூனில் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தேன்.

22 மே

சிட்னி வேண்டாம், வீடு பார்ப்பதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவரையும் சேர்த்துத்தான். யப்பானுக்கு நான் மட்டும் போகிறேன் என்றதும் யோகா அக்கா அழுதாள். "தனியப் போறியோ? சனம் என்ன கதைக்கும்?" சனத்துக்கும் ஏதாவது வேலை வேண்டாமா?

அக்கா போனை வைத்துவிட்டாள். பிழை விட்டுவிட்டேனோ? முப்பத்திநாலு வயது. இனி ஒருவரும் வராவிட்டால்?

காமகுரா, யப்பான், 17 ஜூன்

விடாத மழை. மழையில்தான் இந்தப் பூ அழகாம். சப்பாத்துக்குள் தண்ணீர் போய்விட்ட நமக்கு இதைச் சொல்வதற்கென்றே ஹோட்டலில் ஒருவரை வைத்திருக்கிறார்கள்.

கோயில் படியேறக் குடைகளின் வரிசை. முன்னால் நின்ற வெள்ளைக்காரர், இது தன்னுடைய வீட்டு வேலியோரமும் பூக்கும் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே ஏறினார். பிறகேன் ஐயா இவ்வளவு தூரம் வந்தீர் என்று கேட்க வாய் உன்னியது.

அதற்குள் வளைவு வந்தது.

நீலம். இரண்டு பக்கமும் தோளுயரத்துக்கு, மழைப்பாரத்தில் படிக்கட்டின் மேல் சரிந்து கிடந்தது. ஒதுக்கிக்கொண்டுதான் நடக்கவேண்டும், கையெல்லாம் நனைந்தது. கிண்டலாக எழுத ஒன்றும் வருகுதில்லை. எரிச்சலாக இருக்கிறது.

இஞ்சை பாருங்கோ என்று சொல்லத் திரும்பினேன். பக்கத்தில் ஒருவரும் இல்லை. அது கொஞ்சம் சுட்டது. சரி, கொஞ்சமல்ல. ஆனாலும் நாளைக்கும் இதே கோயிலுக்குத்தான்.

மெல்பேர்ண், 6 ஜூலை

விக்னராஜாவுக்கு அடிலெயிட்டில் ஒரு பெண் சரிவந்துவிட்டதாம். பாவம் அடிலெயிட்.

20 ஜூலை

யோகா அக்கா வந்தாள். தனியாக, ட்ராமில். இரண்டு மாதமாக என்னோடு முகம் கொடுத்துக் கதைக்காதவள். ஏச வந்திருக்கிறாள் என்று நினைத்து, பதிலெல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தேன். அவளோ கதிரையில் இருந்து கனநேரம் தேத்தண்ணீரைக் கலக்கினாள். சீனியே போடவில்லை.

"அடுத்த ஜூனில திரும்பப் போவியோ?"

"ஓம். ஏன்?"

"நானும் வரட்டோ?"

அத்தானைக் கேட்டாளா என்று மட்டும் விசாரித்தேன்.

"கேக்கேல்லை," என்றாள். "சொல்லுவன்."