ஏரிக்கரைக் கல்லை எடுக்க வண்டி வராது, அண்ணா

எதற்கும் விட்டுக்கொடுக்காத என் பிடிவாதக்கார அண்ணாவுக்கு,

உன் மனுவை விசாரணைக்கு எடுத்துவிட்டார்கள். நீ போய் வருஷம் திரும்பிய பிறகு, உன் பேர் போட்டே அழைப்பு வந்தது. அண்ணிதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். அப்புறம் என் கையில் கொடுத்து, "தம்பி, நீங்களே போய்ட்டு வாங்க" என்றார்.

போனேன். பார்த்துப் பார்த்துப் பௌர்ணமி அன்றைக்கா கூட்டம் வைப்பார்கள்? மலை சுற்ற வந்த ஜனத்தில் பஸ்ஸை எங்கேயோ தள்ளி நிறுத்திவிட்டான். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் வெயிலில் நடந்தேன். என் முட்டி உனக்குத் தெரியுமே.

அந்தக் கல்லைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா? நம்ம ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் நடுவில், ஏரிக்கரை வேப்பமரத்தடியில், தலைக்கு மேல் முக்குடையோடு உட்கார்ந்திருக்கிற தீர்த்தங்கரர். நமக்கு அருகன், பக்கத்து ஊர்க்காரர்களுக்கு முனி. வேட்டி கட்டி, குங்குமம் வைத்து, வெள்ளிக் கண் ஒட்டியிருக்கிறார்கள். ஆடி மாசம் அங்கே ஆடு வெட்டுகிறார்கள். எறும்பை மிதித்தால்கூடப் பதறுகிற ஜைனக் குடும்பம் நம்முடையது, நம்ம சாமி முன்னால் ரத்தமா என்று திங்கட்கிழமை தவறாமல் மனுவோடு போனாயே. கல்லை நம்ம கோயிலுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், அவ்வளவுதான் உன் ஆசை. சாகிறதுக்கு முன்னால் நீ கடைசியாகப் பேசினதும் அதைத்தான்.

கூட்டத்தில் ஒரே கத்தல். நம்ம பையன்கள் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்கிறார்கள். அவர்கள் பக்கம் ஒருத்தன் எழுந்து, "இவங்களுக்குக் குடுக்கறதுக்குப் பதிலா உடைச்சு ஏரியில போட்டுடுவோம்" என்றான். நம்ம ஆள் ஒருத்தர், "ரத்தத்துல நனையறதுக்கு அது உடைஞ்சே போகட்டும்" என்றார். கேட்டாயா? கும்பிடுகிற சாமியை உடைக்கிறதில் மட்டும் இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறார்கள். சே, எனக்குச் சலித்தே போய்விட்டது.

விசாரணை நடத்திய அதிகாரி அம்மா பொறுமைசாலி. "தகராறு இருக்கறதால எந்தக் கோயிலுக்கும் தர முடியாதுங்க. ஒண்ணு, மியூசியத்துக்கு எடுத்துட்டுப் போக வண்டி அனுப்பறோம். இல்ல, நீங்க உங்க அண்ணன் மனுவை வாபஸ் வாங்குங்க, கல்லு இருக்கற இடத்துலயே இருக்கட்டும். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். நம்ம கோயில் என்கிற பேச்சே அதோடு முடிந்துபோனது.

வராந்தாவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பச்சையம்மா வந்தாள். அந்த முனிக்குப் பூசை செய்கிற குடும்பத்து மருமகள், உன் மனுவில் எதிராளிகள் வரிசையில் முதல் பேரே அவளுடையதுதான். "நைனாரே, பொழுது சாயறதுக்குள்ள எதனா சாப்பிட்டுடுங்க. அப்பால நீங்க வாயில எதுவும் வைக்க மாட்டீங்களே" என்று, நம்மவர்களை ஊரே கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டு, வாழைப்பழத்தை நீட்டினாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. "எங்க சாப்பாட்டு நேரம் தெரியுது, எங்க சாமி தெரியலையா? அவர் முன்னாடி ஆடு வெட்டறீங்களே" என்றேன்.

"இன்னா நைனாரே, இப்படிச் சொல்லிட்டீங்க! அவருக்கு எங்க வெட்டறோம்? ஆடு, பக்கத்துல இருக்கற காவக்காரக் கல்லுக்கு. இவரு சைவ முனியாச்சே, இவருக்குச் சக்கரைப் பொங்கலுதான். வெட்டறது இவரு கண்ணுல படக்கூடாதுன்னு, முன்னாடி ஒரு வேட்டியை இழுத்துத் திரை கட்டிக்கினுதான் கத்தியையே எடுப்போம். எங்க மாமியா காலத்துலருந்து அப்படித்தான். உங்க அண்ணன் ஒரு தபா வந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

நீ எப்படிப் பார்த்திருப்பாய்? ஆடி மாசத்தில் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டாயே. நம்மவர்கள் எல்லாருமே அப்படித்தான். பாவத்தைக் கண்ணால் பார்க்கக்கூடாது என்று சுற்றுவழியில் போய்விட்டு, மறுநாள் மண்ணில் கிடக்கிற ரத்தத்தைப் பார்த்துக் கொதித்தோம். அதற்குள் அவர்கள் திரையை அவிழ்த்துக்கொண்டு போயிருப்பார்கள்.

ஆனால் திரை கட்டிவிட்டால் ஆடு சாகாமல் போகுமா, அண்ணா? அதையும் கேட்டேன். அந்தக் காவல்காரனையாவது தள்ளி வைக்கக்கூடாதா என்றேன். "அதை மட்டும் இப்பக் கேக்காதீங்க, எங்க ஆளுங்களே என்னைக் கிழிச்சிடுவாங்க" என்றாள். பொய் சொல்லவில்லை அவள்.

மியூசியத்தை நினைத்துப் பார்த்தேன். ரத்தம் இருக்காது. பொங்கலும் இருக்காது. நம்பர் ஒட்டி வரிசையில் வைப்பார்கள். நீ இதைக் கேட்டா இத்தனை காலம் அலைந்தாய்? உள்ளே போய் வாபஸ் வாங்கிவிட்டேன்.

நம்ம ஆட்கள் இப்போது என்னோடு பேசுவதில்லை. கோயிலில் நான் போய் உட்கார்ந்தால் எழுந்துபோகிறார்கள். அண்ணி சாப்பாடு போட்டார். பாதிச் சாப்பாட்டில், "அவரு இருந்திருந்தா ஒத்துக்கிட்டிருப்பாரா?" என்று மட்டும் கேட்டார். நீயே சொல், ஒத்துக்கொண்டிருப்பாயா? வண்டை வண்டையாகத் திட்டியிருப்பாய். திட்டுவதற்காவது நீ இருந்திருக்கலாம். எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாய், ரொம்பக் களைப்பாக இருக்கிறது அண்ணா.

நல்லது செய்தேன் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். உன் ஆசையை நான் கைவிட்டது நிஜம். ஆனால் வருகிற ஆடியில் நான் ஏரிக்கரைக்குப் போகப்போகிறேன். பச்சையம்மாவிடம் சொல்லிவிட்டேன். "வாங்க, மயக்கம் போட்டு விழுந்து எங்களுக்கு வேலை வைக்காதீங்க" என்று சிரிக்கிறாள்.

திரைக்கு உள்பக்கம், அவருக்குப் பக்கத்தில் போய் உட்காருவேன். ஆடு கத்துவது கேட்கும். எழுந்து ஓட மாட்டேன். வெட்டுகிறவன் ஒவ்வொரு வருஷமும் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டுத்தான் அந்தத் திரையை இழுக்க வேண்டும்.

உன் சண்டையில் பாதியை மட்டுமே தூக்க முடிந்த
உன் தம்பி